மறுமொழி: ரெயின் ஸ்கேட்டர் – மழைச்சிதறலா, மழைவழிச் சிதறலா?

மொழிபெயர்ப்பாளர்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று மைக்ரோவேவ் ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்கள்) கூடுகிறோம். காலையில் டிஷ் எல்என்பிகளை (டிஷ்ஷில் விழும் சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவிகளை) மேசையில் வரிசையாக வைத்து எதில் இரைச்சல் குறைவு என்று பார்ப்பது, பிற்பகலில் வகுப்பு. வகுப்புக் குறிப்பின் தமிழாக்கம் நாளை அச்சுக்குப் போகவேண்டும். 'ரெயின் ஸ்கேட்டர்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். நேராக எட்டாத இரண்டு நிலையங்கள் நடுவிலுள்ள ஒரே மழைமேகத்தைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பும். துளிகளில் பட்டுச் சிதறும் அலை மறுமுனைக்குப் போய்ச் சேரும். 'மழைச்சிதறல்' என்று போடட்டுமா?

தமிழாசிரியர் (ஓய்வு): தம்பி, ஒளிச்சிதறலில் சிதறுவது ஒளி. மழைச்சிதறலில்? வானிலை அறிக்கை ஆகிவிடும். 'மழையால் ஏற்படும் சிதறல்' என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக எத்தனை பேர் விரிப்பார்கள்? 'மழைவழிச் சிதறல்' என்க.

இயற்பியல் ஆசிரியை: ஐயா, ராமன் சிதறலில் சிதறுவது ராமனா? பிள்ளைகள் தடுமாறாமல்தான் படிக்கிறார்கள்.

தமிழாசிரியர்: அது பெயர் சூட்டியதம்மா, வேறு கணக்கு. போகட்டும். 'சிதர்' என்ற பழஞ்சொல்லுக்கு மழைத்துளி என்றே அகராதியில் பொருள் உண்டு. சிதறுதல் என்றும் உண்டு. மழையும் சிதறலும் ஒரே சொல்லில்! 'அலைச்சிதர்' எப்படி?

சென்னை அன்பர்: சிதர் இடையினம், சிதறு வல்லினம். அச்சுக் கோப்பவர் பிழை என்று திருத்திவிடுவார்.

தென்காசி அன்பர்: எங்கள் ஊர்ச் சொல் இருக்கிறதே: 'சாரலலை'.

ஹாம் ஒருவர்: அண்ணே, சாரலில் இது சரியாக எடுபடாது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் சிதறல் 64 மடங்கு. இடிமேகத்துப் பெருந்துளிதான் வேண்டும். அதிர்வெண்ணுக்கோ நான்காம் அடுக்கு: 1,296 மெகாஹெர்ட்ஸிலிருந்து எட்டு மடங்கான 10,368-க்குப் போனால் அதே துளி 4,096 மடங்கு சிதறடிக்கும். துளிகள் ஓடிக்கொண்டே இருப்பதால் மோர்ஸ் ஒலி 'பீப்' என்று கேட்காது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'உஸ்ஸ்' என்றுதான் வரும். அதை எப்படித் தமிழில் எழுதுவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

(அதற்கு யாரும் பதில் போடவில்லை. சென்னை அன்பர் 'மைக்ரோவேவ்' நுண்ணலையா என்று ஆரம்பித்தார். 3 சென்டிமீட்டர் அலை எப்படி நுண்ணியதாகும், ஆனால் சிற்றலை என்ற பேரை ஷார்ட்வேவ் எடுத்துக்கொண்டதே என்று எட்டு மடல். விட்டுவிடுகிறேன்.)

மொழிபெயர்ப்பாளர்: மழைச்சிதறலுக்கு நால்வர், மழைவழிச் சிதறலுக்கு இருவர். 'மழைச்சிதறல்' என்றே அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்: அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை என்று ஓர் அடிக்குறிப்பாவது?

மொழிபெயர்ப்பாளர்: இடமில்லை ஐயா. பக்கத்தின் அடியில் சாப்பாட்டு டோக்கன் அச்சாகிறது.