லண்டனில் இடம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டவா வேண்டாமா?

திண்டுக்கல் பூட்டு:
இரண்டு நாளாகத் தூக்கமில்லை, கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் எம்.எல்.ஐ.எஸ்.சி. என்ற நூலக அறிவியல் முதுகலை முடித்து ஒரு கல்லூரியில் 5 வருடம் நூலகராக இருந்தேன். கோஹா என்ற நூலக மென்பொருள், புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போடும் டூயி முறை எல்லாம் அத்துப்படி. இங்கே வந்து 4 மாதம், 31 விண்ணப்பம், ஒரு பதில்கூட இல்லை. சரி, மறுபடியும் நூலக முதுகலையே படித்துவிடலாம் என்று போட்டதில் லண்டனில் இடம் கிடைத்துவிட்டது. முன்பணம் கட்டினால் திரும்ப வராதாம். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார், அது எந்தத் தொனி என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். கட்டவா?

ஈஸ்ட்ஹாம் மாமா:
லண்டன் என்றதும் ஓடி வந்தேன். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனா (யூ.சி.எல்.)? இந்திய நூலக அறிவியலின் தந்தை என்கிற நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன கையோடு வந்து படித்தது அங்கேதான். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இங்கிலாந்து நூலகர்களின் அமைப்பான சிலிப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2024 ஜனவரியிலிருந்து சாதாரண முதுகலைக்குத் துணையைக் கூட்டி வரவும் முடியாது, அதனால் கணவர் ஊரில்தான். நான் 2009-இல் வந்தபோது ஒரே அறையில் 5 பேர், கட்டிலுக்கடியில் அரிசி மூட்டை, அடுப்புக்கு முறை வைத்து என் சாம்பார் இரவு 11 மணிக்குத்தான் கொதிக்கும். ஹீட்டரை 8 மணிக்கே வீட்டுக்காரர் அணைத்துவிடுவார். அதையெல்லாம் நினைத்தால்...

ஸ்கார்பரோ அண்ணை:
தங்கச்சி, காசைக் கட்டாதேங்கோ. நான் இங்கே கனடாவில் ஒரு பொது நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையில்தான் தொடங்கினேன். பேஜ் என்பார்கள். நேர்முகத்தில் டூயி எண் எழுதிய ஒரு கட்டு அட்டையைத் தந்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். 894.82 முதலா, 894.811 முதலா? பக்கத்தில் இருந்த பெடியன் 82-ஐவிட 811 பெரிது என்று பின்னுக்கு வைத்துவிட்டான். எனக்கு 894.811 தமிழ் இலக்கியத்தின் எண் என்று தெரியும், புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தால் 81 முடிந்துதான் 82, அதனால் அதுதான் முதலில் வரும், தப்பினேன். ஜனவரியில் திரும்பி வந்த புத்தகங்களைப் பெட்டியிலிருந்து அள்ளினால் ஐஸ் கட்டியைத் தூக்குவது மாதிரி, விரல் நுனி வெடித்து ரத்தம் வரும். அப்படித்தான் ஏறி வந்தேன், பட்டம் கிட்டம் இல்லை.

கோடிங் குமார்:
நூலகமா? டேட்டா அனலிடிக்ஸ் படிங்க சிஸ்டர், 6 மாசத்தில் வேலை.

ஸ்கார்பரோ அண்ணை:
2 வருடமாக அதே 6 மாதத்தைச் சொல்லுகிறீர்கள் தம்பி, உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டதா?

ஈஸ்ட்ஹாம் மாமா:
எங்கே போனாலும் உள்ளூர் அனுபவம் உண்டா என்றுதான் கேட்கிறான். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும். ஊரில் மரியாதையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை இங்கே...

அலமாரி அக்கா:
கொஞ்சம் நில்லுங்கள் எல்லோரும். பூட்டு, நீங்கள் "இங்கே" என்பது எந்த ஊர்? கணவர் பக்கத்தில் இருந்துதானே "உன் இஷ்டம்" என்கிறார்? என்ன விசா?

திண்டுக்கல் பூட்டு:
ஐயோ, மன்னிக்கவும். நாங்கள் கனடாவில், பிராம்ப்டனில் இருக்கிறோம். லண்டன் என்றது இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் லண்டன், வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். கணவருக்கு ஒரு கம்பெனி பெயரிலேயே ஒர்க் பெர்மிட், எனக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை செய்யக்கூடிய ஓப்பன் ஒர்க் பெர்மிட்.

அலமாரி அக்கா:
மாமா இங்கிலாந்துக் கணக்கு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். நான் ஒன்டாரியோவில் கல்லூரி நூலகர், அண்ணை சொன்ன வழியிலும் வந்தேன், பட்டமும் வாங்கினேன். லைப்ரேரியன் என்ற பதவிக்கு இங்கே அநேகமாக எல்லா விளம்பரத்திலும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் (ஏ.எல்.ஏ.) அங்கீகாரம் பெற்ற முதுகலையைக் கேட்பார்கள், வெஸ்டர்னுக்கு அது உண்டு. அடுக்கும் வேலையிலிருந்து பட்டமில்லாமல் உதவியாளர்வரை போகலாம், அதற்கு மேல் கதவு அநேகமாகச் சாத்தியிருக்கும். ஆனால் வேறு நாட்டில் அந்த நாட்டின் உரிய அமைப்பு ஏற்ற முதுகலையும் சரி என்பது ஏ.எல்.ஏ.வின் சொந்தக் கொள்கைதான். அதனால் உங்கள் ஊர்ப் பட்டத்தை மதிப்பீடு செய்து ரெஸ்யூமில் முதல் பக்கத்திலேயே போட்டீர்களா? அந்த 31-இல் எத்தனை லைப்ரேரியன், எத்தனை உதவியாளர் வேலை?

பணம் கட்டுமுன் இரண்டு போன் பேசுங்கள். ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு. ஒன்டாரியோவில் ஒரு முதலாளியின் பெயரில் ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவரின் துணைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணத்திலிருந்து விலக்கு கிடைக்க வழி உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி என் தோழி ஒரு தவணை முழுதாகக் கட்டினாள். அப்படியே முன்பணத்துக்கு இரண்டு வாரம் அவகாசமும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. இன்னொன்று, ஸ்டடி பெர்மிட் (படிப்பதற்கான அனுமதி) பற்றிக் குடிவரவுத் துறைக்கு. 6 மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு ஓப்பன் ஒர்க் பெர்மிட் மட்டும் போதாது, நீங்கள் இங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். வகுப்பு தொடங்குமுன் கைக்கு வருமா என்று பாருங்கள்.

திண்டுக்கல் பூட்டு:
31-இல் 29 லைப்ரேரியன் வேலை. மதிப்பீடு செய்த கடிதம் பெட்டியில் கிடக்கிறது அக்கா, ரெஸ்யூமில் போடவே இல்லை. காலை 9 மணிக்குப் போன் செய்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
உங்கள் லண்டனிலும் தேம்ஸ் என்று ஒரு ஆறு ஓடுகிறது தெரியுமா? ஆக நான் சொன்னது முழுக்கத் தப்பில்லை.