கிராமசபையில் 300 பேர் இருந்தார்களா, இல்லையா? மாநகராட்சி இணைப்பு பற்றிய விவாதம்

மேட்டுத்தோட்டம்:
சிறுவாணிக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கோவை மாநகராட்சியோடு எங்கள் ஊராட்சியை இணைக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானம் போட்டோம். அது செல்லாதாம். "உட்கார்ந்திருந்தது நூறு நாள் வேலைக்குப் போகிற நாற்பது பெண்கள்தான், அவர்களுக்கு மாநகராட்சி என்றால் என்னவென்று தெரியுமா" என்று கேட்டிருக்கிறார்.

நாற்பதா? நான் அங்கே இருந்தேனுங்க. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் பத்தாமல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். 10,000 பேருக்கு மேல் இருக்கிற ஊராட்சிக்குக் கிராமசபை செல்ல 300 பேர் வேண்டும். 300 பேர் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, கைநாட்டும் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பெண்களைப் பற்றி. 2025 ஜனவரியில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். மாநகராட்சி எல்லைக்குள் போன அன்றைக்கு அந்த வேலை நின்றுபோகும், ஏனென்றால் அது ஊராட்சிகளுக்கான சட்டம். கலைஞர் கனவு இல்லத்தில் வீடு கட்ட மூன்றரை லட்சம் கிடைக்கிறதே, அதுவும் ஊரகத்துக்குத்தான். இழப்பு யாருக்கோ அவர்கள்தான் வந்து உட்காருவார்கள். வேறு யார் வருவார்கள், நீங்களா?

சிறுவாணிக்காரன்:
அண்ணா, கோபப்பட்டால் எண்ணிக்கை கூடாது. நானும் அதே மைதானத்துக்குத்தான் வந்தேன். பந்தலில் இருந்த நாற்காலி எத்தனை என்று வாடகைக்கு விட்டவரைக் கேளுங்க. 300 பேர் என்பது காகிதத்தில் வந்த கணக்கு. காலையில் கையெழுத்தை வாங்கிவிட்டு மத்தியானம் வேலைக்கு அனுப்பினால் 500 கூட வரும்.

நான் கேட்டது ஒன்றுதான். 2011இல் வடவள்ளி, சரவணம்பட்டி, துடியலூர், காளப்பட்டி எல்லாம் இணைந்தன. 105 சதுர கிலோமீட்டர் நகரம் 257 ஆனது, 72 வார்டு 100 ஆனது. இன்றைக்கு அந்த ஊர்கள் எப்படி இருக்கின்றன? பாதாளச் சாக்கடையும் தெருவிளக்கும் வேண்டாம், சாலையும் வேண்டாம், நூறு நாள் வேலை மட்டும் போதும் என்று ஒரு ஊரே முடிவெடுத்தது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அந்த 300 பேர் அங்கே இல்லை. இல்லவே இல்லை.

மேட்டுத்தோட்டம்:
வந்தீங்களா? எத்தனை மணிக்கு? கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பீங்க. கூட்டம் தொடங்கியது பதினோரு மணிக்கு. வரவு செலவு வாசித்து, குடிநீர் பற்றிப் பேசி, கடைசியில்தான் இணைப்பு விவகாரம் வந்தது. அப்போது நீங்கள் எங்கே இருந்தீங்க?

சரவணம்பட்டி வளர்ந்தது மாநகராட்சியாலா? அங்கே ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற மென்பொருள் பூங்கா இருப்பது கீரணத்தம் ஊராட்சியில். ஊராட்சி மண்ணில்தான் அந்தக் கட்டடம் எழுந்தது. மாநகராட்சிப் பலகை மாட்டியதால் ஒரு கம்பெனியும் வந்துவிடவில்லை.

300 பேர் இருந்தார்கள். கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக வந்த அலுவலர் தலையை எண்ணித்தான் கூட்டத்தைத் தொடங்கச் சொன்னார்.

தறிச்சத்தம்:
இருவருக்கும் வணக்கம். ஒரு சின்ன விளக்கம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராமசபைத் தீர்மானம் இந்த விஷயத்தில் அரசைக் கட்டுப்படுத்தாது. ஊராட்சியை நகர்ப்புற எல்லைக்குள் சேர்க்கும் அதிகாரம் சட்டப்படி அரசிடம் இருக்கிறது. 300 பேர் இருந்தாலும் 3,000 பேர் இருந்தாலும் அது மக்கள் கருத்து மட்டும்தான். ஆட்சேபனையை எழுத்தில் தனியாகக் கொடுத்தால்தான் பலன்.

இன்னொன்று. 2011இல் சேர்ந்த வடவள்ளியும் துடியலூரும் பேரூராட்சிகள். பேரூராட்சியில் கிராமசபையும் கிடையாது, நூறு நாள் வேலையும் கிடையாது. அப்போது இணைந்தவற்றில் ஊராட்சி என்றால் விளாங்குறிச்சி ஒன்றுதான். அந்த ஊர்களை வைத்து இப்போது இணைக்கப்போகும் ஊராட்சிகளின் கதையைப் பேச முடியாது. முதலில் பேரூராட்சி எது, ஊராட்சி எது என்று பிரித்துக்கொண்டு பேசலாமா?

சிறுவாணிக்காரன்:
பேரூராட்சியோ ஊராட்சியோ, தெருவில் சாக்கடை ஓடினால் ஒரே நாற்றம்தான். பேச்சை மாற்றாதீங்க. 300 பேர் இருந்தார்களா? வீடியோ இருந்தால் போடச் சொல்லுங்க.

மேட்டுத்தோட்டம்:
தறிச்சத்தம், உங்கள் சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. கட்டுப்படுத்தாது என்பதால் போட்ட தீர்மானம் பொய் ஆகிவிடுமா? இவர் சொல்வது தீர்மானமே பொய் என்று. அதற்குத்தான் நான் பதில் சொல்கிறேன்.

வீடியோவா? 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த கவுன்சிலர் வந்து உட்கார்ந்தது 2022 மார்ச்சில். அஞ்சு வருஷத்துக்கு மேல் நூறு வார்டுக்கும் சேர்த்து ஒரு தனி அலுவலர். அத்தனை வருஷமும் வரி வாங்கினார்கள், டெண்டர் விட்டார்கள். அதற்கு எந்த மக்கள் கையெழுத்துப் போட்டார்கள், எங்கே வீடியோ? அதைக் கேட்க வாய் வரவில்லை, எங்கள் ஊர்ப் பெண்கள் தலையை எண்ண மட்டும் வந்துவிட்டீங்க.

எங்களுக்கும் தலைவர் இல்லாமல் மூணு வருஷம் போனது, இல்லை என்று சொல்லவில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அந்தக் காலமும் முடிந்து, எங்கள் ஊராட்சியும் தனி அலுவலர் கைக்குப் போனது. சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் இணைப்பு அறிவிப்பு வருகிறது. கேள்வி கேட்கத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. மிச்சம் இருப்பது கிராமசபை ஒன்றுதான். அதில் வந்து உட்கார்ந்த 300 பேரைத்தான் இவர் இல்லை என்கிறார்.

இருகூர் அக்கா:
நான் ரெண்டு பேருக்கும் பொதுவான ஆள் இல்லைங்க, இணைப்பு வேண்டும் என்கிற கட்சி. எங்கள் பேரூராட்சியும் பட்டியலில் இருக்கிறது. நான் கேட்பது வேற. வருஷத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேட்டுத்தோட்டம் அண்ணா, மற்ற அஞ்சு கூட்டத்துக்கும் இந்த 300 பேர் வந்தார்களா? நூறு நாள் வேலை அட்டை போய்விடும் என்று பணித்தளப் பொறுப்பாளர் சொன்னதால் வந்தார்கள் என்றால் அது ஊர் முடிவு ஆகுமா?

பெண்கள் தெரியாமல் உட்கார்ந்தார்கள் என்று சிறுவாணிக்காரன் எழுதியதும் அசிங்கம். அதற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சிறுவாணிக்காரன்:
மன்னிப்பு எதற்கு அக்கா? தெரியாது என்றுதான் சொன்னேன், கேவலமாகப் பேசவில்லை. மற்றபடி நீங்கள் கேட்ட கேள்விதான் என் கேள்வியும். ஆக, வரவழைத்த கூட்டம் என்று நீங்களே ஒத்துக்கொண்டாச்சு. நன்றி.

இருகூர் அக்கா:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம்.

மேட்டுத்தோட்டம்:
மற்ற கூட்டங்களுக்கு ஆள் குறைவாக வந்தார்கள் என்றால் இந்தக் கூட்டத்துக்கு நிறைய வந்ததுதானே அந்த விஷயத்தின் கனம்? வயிற்றில் அடிக்கும்போதுதான் ஆள் கூடும். வரவழைத்தார்களாம்! என் அம்மாவை யாரும் வரவழைக்கவில்லை. முட்டிவலியோடு நடந்து வந்து கையெழுத்துப் போட்டார். அவருக்கு வேலை அட்டையே கிடையாது.

அக்கா, உங்கள் ஊர் பேரூராட்சி. உங்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு அது பெயர்ப்பலகை மாறுகிற விஷயம். எங்களுக்கு ஊரே மாறுகிறது. எங்கள் ஊரில் மோட்டார் ஓடவில்லை என்றால் தொட்டி இயக்குபவர் வீட்டுக் கதவைத் தட்டலாம், தலைவரை டீக்கடையில் பிடிக்கலாம். மாநகராட்சியில்? அங்கே கிராமசபை மாதிரி ஏரியா சபை என்று 2022இல் கொண்டுவந்தார்கள். அதன் பிரதிநிதி நியமிக்கப்பட்ட ஆள், தலைமை கவுன்சிலருக்கு. கிராமசபையில் எந்த வாக்காளரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். இந்த வித்தியாசம் தெரிந்துதான் 300 பேரும் வந்தார்கள்.

குறிச்சிக்குளம்:
நடுவில் வருகிறேன். நாங்கள் 2011இல் நகராட்சியாக இருந்து சேர்ந்தவர்கள். எல்லாம் கெட்டுப்போனது என்று மேட்டுத்தோட்டம் அண்ணன் சொல்வதும் பொய், சொர்க்கமாகிவிட்டது என்று சிறுவாணிக்காரன் சொல்வதும் பொய். குடிக்க நகரத்துக்குச் சிறுவாணித் தண்ணி என்றால் எங்களுக்கு ஆழியாறு, இன்றைக்கும் அப்படித்தான். பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டினார்கள், பல வருஷம் தூசியைத் தின்றோம். ஆனால் குழாய் வந்தது. தனி நகராட்சியாக இருந்திருந்தால் அவ்வளவு பணம் புரட்டியிருக்க முடியாது.

வரி கூடும், அதை மறைக்க வேண்டாம். 2022 சொத்துவரிச் சீராய்வில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் ஏறியது. ஊராட்சி வரியிலிருந்து நேரே இதற்குள் வருகிறவர்களுக்குக் கஷ்டம்தான்.

மேட்டுத்தோட்டம்:
பார்த்தீங்களா, வரி கூடும் என்று இணைந்தவரே சொல்கிறார். தூசி தின்றதையும் அவரே சொல்கிறார்.

சிறுவாணிக்காரன்:
குழாய் வந்தது என்றும் அவரேதான் சொல்கிறார். அது மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, 300 பேர் மட்டும் தெரிவார்கள்.

மேட்டுத்தோட்டம்:
குழாய் பற்றிப் பேசுகிறவர் குப்பை பற்றியும் பேச வேண்டும். மாநகராட்சிக் குப்பை எங்கே போகிறது? வெள்ளலூருக்கு. 600 ஏக்கருக்கு மேல் கிடங்கு. 2024 ஏப்ரலில் அது எரிந்தபோது நாள்கணக்கில் புகை, சுற்றியிருந்தவர்கள் சன்னலைத் திறக்க முடியவில்லை. வெள்ளலூர் பேரூராட்சியாக இருக்கும்போதே அதன் தலையில் ஊர்க் குப்பையைக் கொட்டியவர்கள், நாளைக்கு எங்களைச் சேர்த்தால் எங்கள் ஓடைப் புறம்போக்கை விடுவார்களா? அங்கே இன்னும் மாடு மேய்கிறது.

தறிச்சத்தம்:
அண்ணா, கிடங்கு வந்ததற்கும் எல்லைக்கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு வெள்ளலூரே சாட்சி. வெளியே இருந்ததால்தான் கொட்டினார்கள் என்றும் வாதாடலாம். சேர்ந்துவிட்டால் அந்த ஊருக்கும் மன்றத்தில் ஒரு கவுன்சிலர் இருப்பார். திரும்பவும் சொல்கிறேன், எழுத்தில் ஆட்சேபனை கொடுத்தவர்கள் இங்கே எத்தனை பேர்?

மேட்டுத்தோட்டம்:
தம்பி, நீங்கள் யார் பக்கம் என்று சொல்லிவிட்டுப் பேசுங்க. சட்டப் புத்தகத்தைக் காட்டி நடுவில் நிற்பது லேசு.

சிறுவாணிக்காரன்:
இவருக்குத் தன் பக்கம் நிற்காதவன் எல்லாம் எதிரி. வெள்ளலூரில் பேருந்து நிலையம் பாதியில் நின்றதே, அப்போது "ஊருக்குள் கூட்டம் வந்துவிடும், நின்றது நல்லது" என்று எழுதியதும் இவர்தான். எது வந்தாலும் வேண்டாம். இப்போது வெள்ளலூர் மக்களுக்காகக் கண்ணீர்.

மேட்டுத்தோட்டம்:
நான் எழுதியது அதுவல்ல. ஊர் நடுவிலேயே காந்திபுரம் பேருந்து நிலையம் இருக்கும்போது மக்களை அவ்வளவு தூரம் அலைய விடாதீர்கள் என்று எழுதினேன். முழுசாகப் போடுங்க, வெட்டி ஒட்டாதீங்க.

பழசைக் கிளறினால் நானும் கிளறுவேன். எங்கள் ஊர் எல்லையில் எட்டு செண்ட் சைட் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்று போன தீபாவளிக்கு நீங்களே பெருமையாக எழுதினீங்க. மாநகராட்சிக்குள் வந்தால் செண்ட் விலை என்ன ஆகும்? சாக்கடை மேல் திடீரென்று இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

சிறுவாணிக்காரன்:
உழைத்த காசில் வாங்கினேன். கிரயப் பத்திரம் இருக்கிறது. உங்களைப்போல் பாட்டன் சொத்தில் உட்கார்ந்துகொண்டு பேசவில்லை.

குறிச்சிக்குளம்:
சைட்டும் பாட்டன் சொத்தும் எதற்குங்க இங்கே?

மேட்டுத்தோட்டம்:
பாட்டன் சொத்தா? கிணறு வற்றிப்போய் மூணு போர் போட்டும் தண்ணி இல்லாத தோட்டம். வந்து பாருங்க, சும்மாவே எழுதித் தருகிறேன்.

வேலை செய்தவர்களுக்குக் கூலி நிலுவை என்று முதலமைச்சர் ஸ்டாலினே 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், 1,056 கோடி ரூபாய். செய்த வேலைக்குக் காசு வராமலேயே அந்தப் பெண்கள் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைத்தான் ஒன்றும் தெரியாதவர்கள் என்று சைட் போட்டவர் எழுதுகிறார். 300 பேர் இருந்தார்கள். ஊராட்சிச் செயலரிடம் போய்ப் பதிவேட்டைக் கேளுங்க.

சிறுவாணிக்காரன்:
பதிவேட்டைத்தான் நம்பவில்லை என்கிறேன், அதையே காட்டினால்? ஒரே கையெழுத்தில் நாலு பேர் என்று கேள்விப்பட்டேன்.

இருகூர் அக்கா:
யாரிடம் கேள்விப்பட்டீங்க? பெயர் வேண்டாம், பார்த்தவரா என்று மட்டும் சொல்லுங்க.

சிறுவாணிக்காரன்:
அக்கா, நீங்கள் என் கட்சி என்று நினைத்தேன்.

இருகூர் அக்கா:
இணைப்புக்குத்தான் நான் கட்சி. உங்களுக்கு இல்லை. முதலில் அந்தப் பெண்களைப் பற்றி எழுதியதை எடுங்க.

மேட்டுத்தோட்டம்:
எடுக்க மாட்டார். நான் தகவல் அறியும் சட்டத்தில் மனு போடப்போகிறேன், பதிவேட்டின் நகல் கேட்டு. வந்ததும் பக்கம் பக்கமாக இங்கே போடுகிறேன்.

சிறுவாணிக்காரன்:
போடுங்க. கூடவே வாடகை நாற்காலி ரசீதும் கேளுங்க.

மேட்டுத்தோட்டம்:
நின்றவர்களுக்கு எதற்கு நாற்காலி ரசீது?