துவளும் நாருக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கட்டட ஒலியியல் நூலை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நார்ப்பொருள் பாடத்தில் ஒரு சொல் இடிக்கிறது. கண்ணாடிப் பஞ்சிலோ தென்னை நார்ப் பாயிலோ ஒலி நுழைந்தால், நார்களுக்கு இடையே காற்று முன்னும் பின்னும் ஓடி உராய்கிறது; ஒலியாற்றல் வெப்பமாகிறது. நார்க்கூடு அசையாமல் நின்றால் ‘விறைப்புச் சட்டகம்’ என்கிறோம், சரி. விறைப்பே இல்லாமல் காற்றோடு சேர்ந்து ஆடினால்? ஆங்கிலத்தில் ‘லிம்ப்’. ‘நெகிழ் சட்டகம்’ என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

கோவைப் பொறியாளர்:
போதாது. நெகிழ்வது என்றால் வளைந்து மீள்வதையும் மாணவர் சேர்த்து நினைப்பார். 1956இல் இயற்பியலாளர் பயோ எழுதிய கோட்பாட்டின்படி, மீள்மை உள்ள கூட்டில் இரண்டு அமுக்க அலைகளும் ஒரு சறுக்கு அலையும் உண்டு. உங்கள் ‘லிம்ப்’ கூட்டில் மீள்மையே கிடையாது. ஒரே ஒரு அமுக்க அலைதான் மிஞ்சும். ‘துவள்’ என்று போடுங்கள்.

எப்போது துவளும் என்பதையும் எழுதுங்கள். கன மீட்டருக்கு 16 கிலோ எடையுள்ள பஞ்சு, காற்றோட்டத் தன்தடை (காற்று ஊடே ஓடுவதைப் பஞ்சு எதிர்க்கும் அளவு) SI அலகில் 10,000 என்று வையுங்கள். 10,000ஐ 2π × 16ஆல் வகுத்தால் எல்லை அதிர்வெண் கிடைக்கும், சுமார் 100 ஹெர்ட்ஸ். அதற்கு நன்றாகக் கீழே காற்று நாரையும் இழுத்துக்கொண்டு போகும். சேர்ந்தே ஆடினால் உராய்வு ஏது? பஞ்சு ஒலியை விழுங்குவதும், அதாவது உட்கவர்தலும், குறைந்துவிடும். அதற்கு நன்றாக மேலே நார் ஏறக்குறைய நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:
துவள் அருமையான சொல். நெகிழ்வதோ, சங்கப் பாடல்களில் தலைவியின் வளை. அது கழன்று விழுவது. ‘துவள்சட்டகம்’ வினைத்தொகை. கொள்கலம் போல ளகரம் திரியாது. ‘துவட்சட்டகம்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். துவள், துவண்டு, துவட்டு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. தலை துவட்டும் துண்டும் துவள்வதுதானே!

நாகர்கோவில் நண்பர்:
ஐயா, மன்னிக்கவும். எங்கள் பக்கம் துண்டையே ‘துவர்த்து’ என்போம். துவர் என்றால் உலர்தல். துவட்டு அதிலிருந்து வந்தது, துவளிலிருந்து அல்ல.

பேராசிரியர்:
உலர்த்துவதற்கும் துவர்ப்புக்கும் உள்ள உறவை நீங்கள் முதலில் நிறுவுங்கள். பாக்கைக் கடித்தால் வாய் உலர்கிறதே...

(இந்தத் துவர்ப்பு விவாதம் இரண்டு நாள் ஓடியது.)

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை:
உட்கவர்தல் என்று எழுதுகிறீர்கள். நாங்கள் படித்தது அகத்துறிஞ்சல். பொடியன்களுக்கு உறிஞ்சல் என்றாலே விளங்கும்.

தனித்தமிழ் அன்பர்:
இரண்டும் பிழை. உறிஞ்சிய நீர் பஞ்சில் இருக்கும், பிழிந்தால் வரும். ஒலி அப்படி உள்ளே இருக்கிறதா? வெப்பமாகி அழிகிறது. ‘ஒலிமாய்ப்பு’ என்பதே தகும். ‘பாலிடெக்னிக்’கையும் பல்தொழில்நுட்பக் கல்லூரி என்றே எழுதலாமே.

கோவைப் பொறியாளர்:
‘ஒலிமாய்ப்பு’ என்று போட்டால் பக்கத்து வீட்டுச் சத்தமும் மாயும் என்று நம்பிச் சுவரில் பஞ்சு ஒட்டுவார்கள். இப்போதே அதைத்தான் செய்கிறார்கள். பஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். மறுபக்கம் ஊடுருவுவதைத் தடுக்க எடை வேண்டும். ஒற்றைச் சுவரின் எடையை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். லேசான பஞ்சுக்கு அந்த எடை எங்கே? இரட்டைச் சுவரின் இடைவெளியில் வைத்தால் பலன் உண்டு, அது வேறு கணக்கு. உட்கவர்தல், ஊடுகடத்தல் இரண்டையும் பிரித்துச் சொன்னால் போதும்; மாய்ப்பு, மறைப்பு எதுவும் வேண்டாம்.

பேராசிரியர்:
1895இல் ஹார்வர்டில் இயற்பியலாளர் சபைன் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பியே ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைக்கு அவர் பெயர் தேடிக்கொண்டிருக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளி. ‘துவள் நார்க்கூடு’, ‘ஒலி உட்கவர்தல்’ என்று போடுகிறேன்; அடைப்பில் ‘உறிஞ்சல்’ வரும். சட்டகம் என்றால் மரச்சட்டம் நினைவுக்கு வருகிறது, அதனால் கூடு. பெரும்பாலோர் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘டெசிபல்’ அப்படியேவா போகிறது?

மட்டுறுத்துநர்:
அதற்குத் தனி இழை தொடங்கவும்.