மேலூர்ப் பக்கம் வர ஒரு நர்ஸ் கிடைப்பாங்களா?

மதுரைச் சொந்தங்களுக்கு வணக்கம். யூராலஜி வார்டில் 14 வருஷமா நர்ஸா இருக்கேன். லீவு நாள்ல மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் யூரின் டியூபோட (கதீட்டர்) படுத்திருக்கிற பெரியவங்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன். காசு வாங்குறதில்லை.

போன வாரம் ஒரு தாத்தா. லேடெக்ஸ் (ரப்பர்) டியூப் போட்டு மூணு மாசம் ஆச்சு. அதை நாலு வாரத்துக்குள்ள மாத்தணும்னு வீட்டுல யாருக்கும் தெரியலை. யூரின் பேக்கையும் கட்டில் மேலயே வச்சிருந்தாங்க. பேக் எப்பவும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கணும், தரையில படக் கூடாது. மேலே இருந்தா மூத்திரம் திரும்ப உள்ளே போய்க் கிருமி பிடிச்சுக்கும். குளிர்க்காய்ச்சல்ல நடுங்கினவரை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இப்படி விட்டிருப்பேனா அக்கா"ன்னு அவர் மக அழுதது இன்னும் காதுலயே நிக்குது.

என் ஒருத்தியால முடியலை. கதீட்டர் மாத்திப் பழகின நர்ஸ் யாராவது மாசத்துல ஒரு ஞாயிறு வருவீங்களா? ஆம்பளை நர்ஸா இருந்தா ரொம்ப நல்லது, தாத்தாமார் கூச்சப்படுறாங்க. 16 சைஸ் சிலிகான் டியூப் சீல் பிரிக்காம, தேதி முடியாம வீட்டுல மிச்சம் கிடந்தாலும் குடுங்க. அது 12 வாரம் வரைக்கும் தாங்கும். கீழே எழுதுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.