லிவிங் டிரஸ்ட்டுக்கு ‘முன்பொறுப்பு’ சரிவருமா?

> ‘வாழ்நாள் அறக்கட்டளை’ என்றே வைத்துவிடலாம், அறக்கட்டளை எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

காக்கா (அண்ணா), உயிரோடு இருக்கும்போதே எழுதும் லிவிங் டிரஸ்ட் என்ற சொத்து ஏற்பாட்டுக்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன ‘அறக்கட்டளை’ பழகிய சொல் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ ஒரு பெரியவரிடம் போய், உங்கள் தென்னந்தோப்பை அறக்கட்டளையில் வையுங்கள் என்றால், தர்மத்துக்கு எழுதி வைக்கச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார். நம்மவர்களுக்கு உடனே வக்ஃபு, அதாவது இறைவழியில் நிரந்தரமாக எழுதி வைக்கும் சொத்து, நினைவுக்கு வரும். வக்ஃபு செய்த சொத்து திரும்பாது, பிள்ளைகளுக்காகவே செய்யும் வக்ஃபு அலல் அவ்லாதில்கூட சந்ததி அற்றுப்போனால் கடைசிப் பயன் தர்மத்துக்குத்தான். லிவிங் டிரஸ்ட்டில் தர்மமே இருக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒருவர் பொறுப்பில் விடுகிறோம், அமெரிக்காவில் பெரும்பாலும் அந்த ஒருவர் எழுதியவரேதான், பலன் பின்னால் யார் யாருக்கு என்று எழுதுகிறோம், மனம் மாறினால் கலைக்கவும் வழி வைத்துக்கொள்கிறோம்.

‘வாழ்நாள்’ என்பதும் குழப்பும். வாழ்நாள் உறுப்பினர் என்றால் சாகும்வரை உறுப்பினர். இந்த ஏற்பாடோ எழுதியவர் இறந்த பிறகும் தொடர்வது, அதற்காகவே எழுதுவது.

அதனால் ‘முன்பொறுப்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். முன்பணம், முன்பதிவு மாதிரி. உயிலில் எழுதி, இறப்புக்குப் பின் உருவாகும் டிரஸ்ட்டை ‘உயில்பொறுப்பு’ என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எழுதுபவர் பொறுப்பளிப்பவர், நடத்துபவர் பொறுப்பாளர், பலன் பெறுபவர் பயனாளி. கலைக்க முடிந்தது மீட்கத்தக்க முன்பொறுப்பு, முடியாதது மீளா முன்பொறுப்பு.

செட்டில்மெண்ட் பத்திரம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தொண்டி நண்பர் கேட்டிருந்தார். செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்துவிட்டால் சொத்து அப்போதே கைமாறிவிடும், பிறகு மனம் மாறினாலும் ஒருதலையாக ரத்து செய்வது லேசில்லை. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டுத் திண்ணையில் சோற்றுக்குக் காத்திருக்கும் பெற்றோர் நம் கரையோரத்திலும் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது இதற்காகவும்தான், ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டவர்கள் வழக்கில் திண்டாடுகிறார்கள். உயிலோ இறந்த பிறகுதான் பேசும். எழுதியவர் படுக்கையில் விழுந்து கையெழுத்துப் போட முடியாமல் கிடக்கும்போது அதனால் உதவி இல்லை, முன்பொறுப்பில் அடுத்த பொறுப்பாளர் எடுத்து நடத்தலாம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கலிபோர்னியாவில் 5 லட்சம் டாலர் சொத்து முழு புரோபேட் வழக்குக்கு, அதாவது இறந்தவர் சொத்தை நீதிமன்றம் வழியாக வாரிசுகளுக்குச் சேர்க்கும் நடைமுறைக்கு, போனால், முதல் லட்சத்துக்கு 4%, அடுத்த லட்சத்துக்கு 3%, அதற்கு மேல் 2% என்று வக்கீல் கட்டணம் மட்டும் 13,000 டாலர் வரை போகும். வீட்டுக்கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு கணக்குப் போட மாட்டார்கள். ஒழுங்காக அமைத்த லிவிங் டிரஸ்ட்டில் இருக்கும் சொத்துக்கு அந்த வழக்கே வேண்டியதில்லை.

ஒழுங்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்திரம் மட்டும் எழுதி, வீட்டையும் வங்கிக் கணக்கையும் டிரஸ்ட் பெயருக்கு மாற்றாமல் விட்டால் அது வெறும் காகிதம். நம் நாட்டிலும் 1882-ம் ஆண்டு டிரஸ்ட் சட்டப்படி, நிலமோ வீடோ என்றால் பதிவு செய்த பத்திரமோ உயிலோ வேண்டும். வல்லம், இன்ஜின், வலை போன்றவற்றைப் பொறுப்பாளருக்கு உடைமையாக மாற்றிக் கொடுத்தாலும் போதும்.

இப்படிச் சொத்தை உள்ளே கொண்டுவரும் வேலைக்குத்தான் எனக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. பெயர்மாற்றம் என்றால் எல்லோரும் பட்டா மாறுதலை நினைத்துக்கொள்கிறார்கள், ‘சொத்தேற்றம்’ என்றால் விலை ஏறியது மாதிரி இருக்கிறது. பத்திர எழுத்தர் வேலை பார்ப்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்?