காலிக் கோட்டை யாருடைய ஆக்கம்?

கொத்தளம்:
1988இல் யுனெஸ்கோ இலங்கையின் தென்கரை நகரான காலியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஐரோப்பியர் கட்டிய அரண்நகரங்களுள் இதுவே தலைசிறந்தது என்று குறித்தது. அதில் பிழையில்லை என்பதே என் வாதம். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), 14 கொத்தளங்களோடு மதிலை எழுப்பி, உள்ளே நேர்த்தெருக்களும், கடலின் ஏற்றவற்றத்தால் கழுவப்படும் நிலத்தடி வடிகால்களும் அமைத்தனர்.

நெய்தல்:
மதில் அவர்களுடையதுதான். ஆனால் நகரத்தின் வரலாறு மதிலோடு தொடங்கவில்லை. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இவ்வூரைப் பெயரோடு குறிப்பிடுகிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டிட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911இல் இங்கேதான் கிடைத்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தையும் போற்ற, பாரசீகப் பகுதி இசுலாமியருக்காக எழுதப்பட்டிருக்கிறது. வந்துபோன வணிகரின் மொழியறிந்து பொறித்த கல் அது.

கொத்தளம்:
அந்தக் கல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது என்பதை மறக்கக் கூடாது. தென்னாவரை நாயனாரின் கோயில் இருந்ததோ காலிக்குக் கிழக்கே உள்ள தெவிநுவரையில். அங்கு நாட்டவே அது செதுக்கப்பட்டிருக்கலாம். அதைக் காலி நகரத்துக்குச் சான்றாக்குவது பொருந்தாது.

நெய்தல்:
நியாயமான மறுப்பு, கல்லை விட்டுவிடுகிறேன். பழைய வாயிலின் உட்புறம் நின்று அண்ணாந்து பாருங்கள். 1669 என்று பொறித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னத்தில், இரு சிங்கங்களுக்கு மேலே ஒரு சேவல் நிற்கிறது. ஊரின் பெயர் ஐரோப்பியர் காதில் சேவலைக் குறிக்கும் தங்கள் சொல்லாக ஒலித்ததால் வந்த சேவல் அது. அவர்களுக்கு முன்பே இருந்த பெயரைத்தான் தங்கள் வாயிலில் செதுக்கிவைத்தார்கள். இன்னொன்று: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலியின் மதிலில் ஒரு கல்லும் குறையவில்லை. ஆனாலும் நகரம் தளர்ந்தது. அதை வாழவைத்தது துறைமுகம்.

கொத்தளம்:
சேவலைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் கப்பல்கள் போன பிறகும் மக்கள் போகவில்லையே? இலங்கை முஸ்லிம்களான சோனகர் 1904இல், தேவாலயம் போலவே தோன்றும் மீரான் பள்ளிவாசலை மதிலுக்குள்தான் கட்டினார்கள். 2004இல் ஆழிப்பேரலை வெளியே புதுநகரைச் சிதைத்தபோது, உள்ளிருந்த வீடுகளைக் காத்ததும் அந்த மதிலே. துறைமுகம் நகரத்தைப் பெற்றது என்றால், அதை இன்றுவரை நிறுத்திவைத்திருப்பது எது என்பதற்கும் நீங்கள் விடை சொல்ல வேண்டும்.