கால்நடை மருத்துவப் படிப்பு: பெங்களூரா, சென்னையா? வழிகாட்ட வேண்டுகிறேன்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். பி.யு.சி. இரண்டாம் ஆண்டு (பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையானது) படிக்கும் என் மகள் கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். நாய், பூனை மீதுள்ள பாசம் மட்டும் இந்தப் படிப்புக்குப் போதாது என்பது என் எண்ணம். ஆனால் சென்ற விடுமுறையில் ஊரில், மடி வீங்கிய பசு ஒன்றுக்கு மருத்துவர் சிகிச்சை அளித்தபோது, அவள் முகம் சுளிக்காமல் அருகில் நின்று, பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சித் திரிதிரியாக வருகிறதா என்று பார்க்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு எனக்கும் நம்பிக்கை வந்தது.

உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து இது ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பெங்களூரின் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி என்றால் வீட்டிலிருந்தே சென்று வரலாம். தமிழ்நாட்டிலோ பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காடு இடங்களுக்கு நீட் மதிப்பெண் வேண்டும்.

எங்கள் பூர்விகம் திருவண்ணாமலை மாவட்டம். மகளின் பள்ளிப் படிப்பு முழுவதும் இங்கேதான். பூர்விகத்தைக் காட்டி அவள் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இயலுமா, இயலுமெனில் எந்தெந்தச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைக்க வேண்டும் என்பதை, அண்மையில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ஹெப்பாளில் படித்தவர்களிடம் இன்னொரு கேள்வி: மாட்டைக் கொண்டுவரும் விவசாயிகளிடம் பேசுவதற்குக் கடைத்தெருக் கன்னடம் போதுமா? இரவில் கன்று ஈனும் பசுக்களைக் கவனிக்கும் பணி மாணவிகளுக்கும் உண்டா என்று அவளே கேட்கச் சொன்னாள். உண்டு என்ற பதிலைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள்.